இரவல் கால்கள்

"அஞ்சு பேரைக் குடுங்க டீச்சரம்மா, ஒரு நாளைக்குத்தான்" என்றான் ராஜவேலு, ஏதோ ஏணி இரவல் கேட்க வந்தவன் மாதிரி.

யூனிஸுக்குச் சுருக்கென்றது. ராஜவேலு திருத்தணி டவுன் ஃபுட்பால் டீமின் கேப்டன். மேட்டுத் தெருவில் நூல் மண்டி வைத்திருக்கும் துளசிங்கத்தின் மகன். கே.ஜி.கண்டிகைச் சேரிக்குள் அவன் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. நாற்காலி போட்டும் உட்காராமல் வாசலோடு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை அரக்கோணம் ரயில்வே டீம் ஆட வருகிறது. யுத்தத்தில் பட்டாளத்துக்கும் அப்புறம் மெட்ராஸ் வேலைக்கும் ஆள் போய், டவுன் டீமில் மிச்சம் ஆறு பேர். கண்டிகை டீமில் ஆள் உண்டு, மைதானம் இல்லை. மலையடிவாரத்து மைதானத்தில் அவர்களை இறங்க விட்டதே கிடையாது. அறுவடையான வயலில் ஓடிப் பழகியவர்கள். அவர்களுக்குக் கேப்டன் யூனிஸின் தம்பி பால்.

"எங்க டீம் பேருல ஆடட்டும். ரயில்வே ஆளுங்க கண்ணுல பட்டா பாலுக்கு ஒர்க் ஷாப்ல வேலைகூட கிடைக்கும்."

பால் கதவோரம் நின்றான். கண்ணெல்லாம் ஆசை.

"பாதி ஆட்டத்துல தண்ணி குடிப்பீங்களே, அது எப்படி?" என்றாள் யூனிஸ்.

"அது... இவங்களுக்குத் தனியா ஒரு பானை வெச்சிடறோம். பழக்கம்தானே."

"அந்தப் பந்து தோலுதானே? தெச்சது யாரு? எங்க எல்லப்பன் மாமா. அதைத் திருநீறு பூசின நெத்தியால முட்டிகினு ஆடறீங்க, அப்ப ஒண்ணும் ஆவல. இவங்க வாய் வெச்ச சொம்புன்னா மட்டும் தொண்டையில எறங்காதா?"

உள்ளே கட்டிலில் கிடந்த எலியேசர் சத்தமாகச் சிரித்தான்.

எலியேசர் அவள் அண்ணன். பட்டாளத்தில் லாரி ஓட்டி, ஜெர்மன்காரனிடம் கைதியாகி, மீட்கப்பட்டு, நொறுங்கிய காலோடு பிரான்சில் லீல் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தவன். அங்கே பழக்கமான ரொட்டிக் கடைக்காரர் இன்னும் பந்தாட்டச் செய்தியாகக் கத்தரித்து அனுப்புகிறார். காலேஜில் பிரெஞ்சு எடுத்துப் படித்த யூனிஸ்தான் அவனுக்கு வாசித்துச் சொல்வாள்.

"எங்கண்ணன் கெடந்த அந்த பிரான்ஸ் ஊர்லயும் ரெண்டு டீம் இருந்திச்சு" என்றாள் ராஜவேலுவிடம். "ஒண்ணு டவுன் டீம். அந்த தேசத்துல சம்பளம் குடுத்து ஆடற போட்டி ஆரம்பிச்சப்ப, மொத வருஷமே ஜெயிச்ச டீம். இன்னொண்ணு ஃபீவ்னு, ரயில் எஞ்சின் செய்யற கூலிக்காரங்க பேட்டையோட டீம். ரெண்டுக்கும் ஆகவே ஆகாது. யுத்தத்துல ரெண்டும் படுத்துடுச்சு. அப்ப யாரும் யார்கிட்டயும் ஆள் இரவல் கேக்கல. ரெண்டையும் ஒண்ணாக்கி ஒரே டீம் கட்டினாங்க."

"கட்டி?"

"மொத வருஷம் கோப்பை ஃபைனல்ல தோத்தாங்க. மறு வருஷம் லீக்கும் அவங்களுக்கே, கோப்பையும் அவங்களுக்கே. அதுக்கடுத்த வருஷமும் கோப்பை. இந்த வருஷமும். நாப்பத்தெட்டோட சேத்து மூணு கோப்பை!"

"வெள்ளைக்காரனுக்கு இன்னாம்மா, ஜாதியா பாழா?"

"முதலாளி இல்லியா? கூலி இல்லியா? டவுன் ஆளுங்க, பேட்டை ஆளுங்கன்னு மூஞ்சியைத் திருப்பிக்கினவங்கதான் அவங்களும்" என்று எலியேசர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். "என் பக்கத்துக் கட்டில்காரன் பேட்டை ஆளு, செத்தாலும் டவுனோட சேரமாட்டேன்னான். ஒண்ணா சேந்த டீம் ஃபைனல் ஆடினப்ப அவன்தான் மொதல்ல குஷியில கத்தினான்."

"இரவல் கெடையாதுங்க" என்றாள் யூனிஸ். "ஒரே டீம், ஒரே குடம். மைதானம் ரெண்டு ஊருக்கும். சம்மதம்னா சொல்லி அனுப்புங்க."

"எங்க நைனா என்னை ஊட்டுக்குள்ள சேக்கமாட்டாரு."

"அது உங்க ஊட்டுப் பாடு."

அவன் போனதும் பால் குதித்தான். "உனுக்கு பி.ஏ. இருக்குது, வேலை இருக்குது. எனுக்கு இன்னா இருக்குது? பானையில குடிச்சா செத்தா போயிடுவேன்?"

"சாகமாட்டே. பொழைச்சிகினே இருப்பே, இப்படியே."

தம்பி அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவன் வேலையில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று யூனிஸுக்கு அரித்தது. ஆனாலும் வார்த்தையை மாற்றவில்லை. மறுநாள் ராஜவேலுவிடமிருந்து ஆள் வந்தது: "ஆங், சரின்னு சொல்லச் சொன்னாரு."

ஞாயிறு சர்ச் முடிந்ததும் கிளம்பினார்கள். மலையடிவாரத்தில் ஊரே கூடியிருந்தது. துளசிங்கம் குடையோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். பால் இடது பக்கம் பறந்தான், "யார்ரா அந்தப் பையன்?" என்று ரயில்வே கேப்டனே கேட்டார். பாதி ஆட்டத்தில் ஆளுக்கொரு கோல், சமம்.

விசில் ஊதியதும் யூனிஸ் பார்த்தாள். வேப்பமரத்தடியில் பித்தளைக் குடம் ஒன்று. பத்தடி தள்ளி, வெயிலில், வாயுடைந்த மண்பானை ஒன்று.

அவள் எழுந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் பால் பார்த்துவிட்டான். பானையிடம் போனான், குனிந்தான், நிமிர்ந்தான். குடிக்கவில்லை. மைதானத்தின் நடுக்கோட்டில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். கண்டிகைப் பையன்கள் மற்ற நாலு பேரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நாக்கு வறண்டு மூச்சு இரைத்தது, ஒருத்தனும் அசையவில்லை.

ராஜவேலு ஓடி வந்தான். "நைனா வெக்கச் சொன்னாருடா. இன்னிக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோடா பாலு. வேலை கீது, மறந்துடாதே."

"வேலை கெடக்குது. எங்க அக்காகிட்ட நீ இன்னா சொன்னே?"

ரயில்வே கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்திலிருந்து, "இவனுங்களுக்குக் கொழுப்பைப் பாரு!" என்று ஒரு குரல். யூனிஸ் அந்தப் பக்கம் திரும்பி, "ஆமாம், கொழுப்புதான்!" என்று கத்தினாள்.

ராஜவேலு அப்பாவின் குடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு மரத்தடிக்குப் போனான். பித்தளைக் குடத்தைத் தோளில் தூக்கி வந்து நடுக்கோட்டில் வைத்தான். சொம்பில் மொண்டு பாலிடம் நீட்டினான். பால் வாய் வைத்தே குடித்தான். மிச்சத் தண்ணீரை, அதே சொம்பில், ராஜவேலு குடித்தான்.

"டேய்!" குடை கீழே விழுந்தது. "ஊட்டுப் பக்கம் வந்துடாதே!"

டவுன் பையன்கள் இரண்டு பேர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனார்கள். மிச்சம் ஒன்பது பேர். ரயில்வேக்காரர்கள் பதினொரு பேர். ஒன்பது பேரும் நாய் மாதிரி ஓடினார்கள். மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள்.

ரயில்வே கேப்டன் பாலின் தோளைத் தட்டினார். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பால் அக்காவைப் பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

வண்டியேறப் போன கேப்டனை ராஜவேலு கைதட்டிக் கூப்பிட்டான். மண்டிக்காரர் காதிலும் விழட்டும் என்றே உரக்கச் சொன்னான்:

"அடுத்த மாசம் திரும்பி வாங்க சார். இதே ஆளுங்கதான் ஆடுவோம்."