பன்னிரண்டு தடவை எழ வேண்டும்

மனித குலத்தின் வீழ்ச்சிக்கு ஒரே காரணம் நாற்காலி. கூனிமேட்டு உப்பு வியாபாரி நூர் முஹம்மது தம் அறுபத்திரண்டாம் வயதில் இந்த உண்மையைக் கண்டுபிடித்து, பள்ளிவாசல் வாசலிலேயே அறிவித்தார். மூட்டுவலிக்காகப் பின்வரிசை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தொழும் சிநேகிதர் தாஹாதான் அவருக்குக் கிடைத்த முதல் சாட்சியம்.

"என்னா தாஹா பாய், தொழ வந்தீங்களா, கல்யாணப் பந்தியில இடம் புடிக்க வந்தீங்களா?"

"உனக்கும் மூட்டு தேயட்டும்யா, அப்ப பேசு."

நூர் முஹம்மதுவின் மூட்டு நன்றாகவே இருந்தது. மூன்று வருடமாகப் பார்க்கின்சன் என்ற நடுக்க வியாதி உண்டு. ஆனால் அது இடது கையின் சொந்த விஷயம். கையை ஜிப்பா பையில் போட்டால் வியாதியும் பைக்குள் போய்விடும். அத்தர் மணக்கவில்லையா, அத்தர் போலி. நாலு நாளாக வயிறு இளகவில்லையா, பரோட்டா மைதா.

போன மாதம் மரக்காணம் உப்பளத்தில் குத்துக்காலிட்டு, ஒரு பிடி உப்பை அள்ளிப் பார்த்துவிட்டு எழுந்தார். உச்சிவெயில். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. அந்த வெள்ளை ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. அப்புறம் தெரிந்தது வானமும், அதை மறைத்துக் குனிந்த அளத்துக்காரர் ஆதிமூலத்தின் முகமும்.

"பாய்! உங்க பேர் சொல்லுங்க பாய்!"

பெயர் உடனே வரவில்லை. அதுதான் அவரை உலுக்கிவிட்டது.

புதுச்சேரி டாக்டர் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்தார்.

"நின்னா சர்ருனு எறங்குது பாய். இதுவும் பார்க்கின்சன்தான். நடுக்கம் வெளிய தெரியுது, மத்ததெல்லாம் உள்ள நடக்குது. மோப்பம் போறது, மலச்சிக்கல், எல்லாம் அதான். டபக்குனு எழுந்திரிக்காதீங்க. உப்பு கொஞ்சம் கூட்டிக்கங்க. பயமா இருக்குதா?"

"எனக்கா?"

"பயமும் இந்த வியாதியில சேர்ந்ததுதான்."

உப்பு வியாபாரிக்கு உப்பை எழுதிக்கொடுத்ததைக்கூட அவர் மன்னித்துவிட்டார். பயம் என்றதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் அன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார். கடமையான தொழுகைகளில் மட்டும், நெற்றி தரையில் படும் ஸஜ்தாவுக்குப் பிறகு நிற்பதற்கு எழ வேண்டியது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. இமாம் ஓதுவது காதில் ஏறவில்லை. விழுந்தால் யார்மேல் விழுவோம் என்று இருபுறமும் பார்த்துவிட்டுத்தான் நின்றார். வலப்புறம் இமாமின் மாமனார்.

ஒரு நாள் லுஹர் என்னும் மதியத் தொழுகையில், எல்லோரும் சேர்ந்து தொழும் ஜமாஅத் முடிந்து, உபரியான சுன்னத்தைத் தனியாகத் தொழுதபோது, ஸஜ்தாவில் வைத்த நெற்றியை எடுக்கவில்லை. முடியாமல் அல்ல, துணியாமல். எழுந்தால் அந்தக் கறுப்பு வரும். கழுத்தில் வியர்வை ஓடியது. யா அல்லாஹ், இப்போது வேண்டாம், இன்னும் கொஞ்சம் கழித்து. இன்னும் கொஞ்சம் கழித்தும் அதே பயம். கடைசியில் நிற்காமலேயே உட்கார்ந்து, மீதியையும் உட்கார்ந்தபடியே முடித்து ஸலாம் கொடுத்தார்.

திரும்பினால், வாசலில் சின்னக் கூட்டம். தாஹாவின் கண் கலங்கியிருந்தது.

"மாஷா அல்லாஹ்! அரை மணி நேரம்யா! என்னா உருக்கம்! உன்னைப் போய் நான் என்னமோ நெனச்சேனே!"

இரண்டே நாளில் வீட்டு வாசலில் தண்ணீர் பாட்டில்கள் வந்துவிட்டன, ஓதி ஊதித் தரச் சொல்லி. நடுங்கிய கையைக்கூட இறையச்சம் என்றார்கள்.

மனைவி ஹமீதா கதவைச் சாத்தினாள்.

"மகானே, டாக்டர் சொன்னத நான் சொல்லவா, நீங்களே சொல்றீங்களா?"

"சொன்னா என்னா நெனப்பாங்க ஹமீதா?"

"விழுந்தா என்னா நெனப்பாங்க?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

மாலை அஸர் தொழுகைக்குச் சீக்கிரமே போனார். தூணருகே அடுக்கியிருந்த நாற்காலிகளில் மேலே இருந்ததை எடுத்தார். ஒரு கை போதவில்லை. இடது கையையும் பையிலிருந்து எடுத்தார். நாற்காலி கடகடவென்று ஆடியது. கால் தரையில் உரசாமல் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வரிசை ஓரத்தில், தாஹாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

தாஹா வாயைத் திறந்தார். நூர் முஹம்மதுவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டு, தம் நாற்காலியை அரையடி நகர்த்தி இடம் விட்டார்.

நூர் முஹம்மது உட்கார்ந்தார்.