ஏழாவது அத்தியாயம்

அந்த மனிதர் வந்தபோது அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து பாதியில் ஓடிவந்த எலக்ட்ரீஷியன். சட்டைப்பையில் டெஸ்டர் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது.

"'தாழ்ப்பாளைக் கழற்று' புத்தகம் எழுதின அம்மா நீங்கதானே?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஆட்கள் தேடி வருவது எங்கள் வீட்டில் புதிதல்ல. அடித்துத் துன்புறுத்திய புருஷனை உதறிவிட்டு வந்தவர்கள், பிடிக்காத கல்யாணத்தை நிறுத்தியவர்கள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். வசை பாடவும் சிலர் வருவார்கள். இரண்டு வகைக்கும் நான்தான் காபி போட வேண்டும்.

"என் தங்கச்சி செத்துருவா போல இருக்கு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார் அவர்.

ஊருக்கு வெளியே இருந்த பழைய ஐஸ் ஃபேக்டரியில் பத்துப் பதினைந்து பெண்கள் அம்மாவின் புத்தகப்படி கூடி வாழ்ந்தார்கள். அது எங்களுக்கும் தெரியும். அவருடைய தங்கை போன வருடக் கடைசியில் வயிற்றில் பிள்ளையோடு அங்கே சேர்ந்திருக்கிறாள். இப்போது நிறைமாசம். முந்தாநாளே வலி எடுத்தும் பிள்ளை வெளியே வரவில்லை. டாக்டரைக் கூட்டிப்போனால் வாசலிலேயே நிறுத்துகிறார்களாம்.

"ஏழாவது அத்தியாயத்தைக் காட்டுறாங்கம்மா. போலீஸ்ல சொன்னேன். மேஜரான பொண்ணு, அவ இஷ்டம்னு கையை விரிச்சுட்டாங்க."

ஏழாவது அத்தியாயம் எனக்கு மனப்பாடம். பிள்ளை பெறுவது நோயல்ல, பெண்களுக்கு நடுவில் சொந்த வீட்டில் பெற்றுக்கொள், வெள்ளைக் கோட்டுக்குக் கதவைச் சாத்து என்று அம்மா அதில் எழுதியிருந்தாள். நானும் அப்படித்தான் பிறந்தேன் என்று சிநேகிதிகளிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா தைலக்குப்பியை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை.

"வண்டியை எடுடி."

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எங்கள் வண்டியில் பயிற்சிப் பள்ளியின் பலகை மாட்டியிருக்கும். வழியெல்லாம் ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வேறு நாளாக இருந்தால் அம்மா சிரித்திருப்பாள். அன்று பின்சீட்டிலிருந்து, "இன்னும் வேகமாப் போடி" என்றாள்.

ஐஸ் ஃபேக்டரியின் சுவர்கள் ஒரு முழத்துக்கு மேல் தடிமன். குளிர் வெளியே போகாமலிருக்கக் கட்டியவை. எலக்ட்ரீஷியனோடு உள்ளே நுழைந்ததும் தெருச் சத்தம் பட்டென்று நின்றுபோனது. இரும்புத் தொட்டிகளில் மண் போட்டுக் கீரை வளர்த்திருந்தார்கள். தையல் மெஷின்களின் முன்னால் பெண்கள் குனிந்திருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து ஓடிவருவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தியும் நிமிரவில்லை. சுவரெல்லாம் நீலப் பெயிண்டில் அம்மாவின் வரிகள். எங்கோ உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. மிருகம் முனகுவது போல, விட்டுவிட்டு.

அந்த வீட்டை நடத்துகிறவளைப் பெரியக்கா என்று கூப்பிட்டார்கள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியது, பொய்யில்லை.

"நீங்க இல்லன்னா நான் இன்னைக்கு உயிரோட இல்லம்மா."

"சரிம்மா. அந்தப் பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். வழி விடு."

பெரியக்கா மெல்லக் கையை எடுத்துக்கொண்டாள். "நீங்க எழுதினதைத்தான் நாங்க செய்யறோம்."

"எழுதினவளே வந்து சொல்றேன். அது தப்பு."

"இல்லம்மா. அன்னைக்கு நீங்க பயப்படாம எழுதினீங்க. இப்ப உங்களுக்கு வயசாயிடுச்சு, பயம் வந்துடுச்சு. எங்களுக்கு அந்தப் பழைய அம்மா போதும்."

சின்னக் குழந்தைக்குச் சோறூட்டுவது போன்ற குரலில்தான் சொன்னாள். அம்மாவை எதிர்த்துக் கத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படிப் பேசியவர் ஒருவருமில்லை.

அம்மா அவளைத் தாண்டி முனகல் வந்த பக்கம் நடந்தாள். முன்பு ஐஸ் கட்டிகளை அடுக்கிவைத்த அறை அது. அந்த வீட்டில் மற்ற அறைகளுக்குக் கதவே கிடையாது, திரைதான். இந்த அறைக்கு மட்டும் பழைய கனத்த கதவு அப்படியே இருந்தது. அதன் வெளிப்பக்கம் புதுத் தாழ்ப்பாள், திருகாணி இன்னும் மின்னியது.

"இது எதுக்கு?" என்றாள் அம்மா.

"வலியில புத்தி தடுமாறும். எழுந்து வெளில ஓடிடக் கூடாதுன்னுதான்."

எலக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டார். அம்மா தாழ்ப்பாளை இழுத்தாள். இறுக்கமாக இருந்தது. நானும் சேர்ந்து இழுத்தேன்.

உள்ளே பாயில் கிடந்தவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். உதடு வெடித்து, கண் குழிவிழுந்திருந்தது. அறையில் ரத்த வாடை. ஒரு பெண் ஈரத்துணியால் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்தாள். "நான் யார்னு தெரியுதா?"

பாயில் கிடந்தவள் தலையசைத்தாள். பிறகு கேட்டாள், "ஆஸ்பத்திரிக்குப் போனா நான் தோத்துட்டேன்னு அர்த்தமாம்மா?"

அம்மா என்னை ஒருதரம் பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொண்டு அவளிடம் சொன்னாள்.

"இவளை நான் ஆஸ்பத்திரியிலதான் பெத்தேன். வயித்தைக் கிழிச்சுதான் எடுத்தாங்க. வலியில கத்தினதுக்கு அங்க என்னை அறைஞ்சாங்க. பக்கத்துல எங்க அக்காவைக்கூட நிக்க விடல. அந்த ஆத்திரத்துல நாலு வருஷம் கழிச்சு அந்த அத்தியாயத்தை எழுதினேன். அறைஞ்சதை எழுதினேன். அவங்க கிழிக்கலன்னா நாங்க ரெண்டு பேரும் செத்திருப்போங்கிறதை எழுதல."

தன் வயிற்றிலிருந்த தழும்பைக் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்திருந்தாள். கோபப்பட அப்போது நேரமில்லை.

"நம்பாத," என்றாள் வாசலில் நின்ற பெரியக்கா. "அவங்களை யாரோ மிரட்டிக் கூட்டிட்டு வந்திருக்காங்க."

பாயில் கிடந்தவள் கண்ணை மூடினாள். அடுத்த வலி வந்து போகும்வரை பாயின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். பிறகு அவள் தன் அண்ணனைப் பார்த்துக் கையை நீட்டினாள். "போலாம்ணா."

அவரால் ஒற்றை ஆளாகத் தூக்க முடியவில்லை. தையல் மெஷினை விட்டு ஒருத்தி எழுந்து வந்தாள். அவளுடைய முழங்கை உடைந்து கோணலாகக் கூடியிருந்தது. பெரியக்காவின் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கையைப் பிள்ளைத்தாய்ச்சியின் முதுகுக்குக் கீழே கொடுத்தாள். காரில் படுக்கவைத்ததும் என்னிடம் முணுமுணுத்தாள். "என் வீட்டுக்காரன் உடைச்ச கை. உங்கம்மா புத்தகத்தைப் படிச்சுட்டுத்தான் அவனை விட்டு வந்தேன். சொல்லிடுங்க." சொல்லிவிட்டு உள்ளேயே திரும்பிப் போனாள்.

ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவரை விட்டார்கள். அம்மாவின் புத்தகம் கிளப்பிய கூச்சலுக்குப் பிறகுதான் அந்த வழக்கமே வந்தது என்று ஒரு நர்ஸ் சொன்னார். அம்மா உள்ளே போனாள். பிள்ளையை எடுத்தபோது அது அழவில்லை. மூன்று நாள் மெஷினில் வைத்திருந்தார்கள். பிறகு உயிர் போய்விட்டது என்று எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. தாய் பிழைத்துக்கொண்டாள்.

பிள்ளையை எடுத்த அன்று இரவே அம்மாவிடம் கேட்டேன். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"புத்தகம் வந்தப்ப எல்லாரும் உன்னைத் தூக்கிக் காட்டினாங்க. வீட்டுல பொறந்த குழந்தை, எப்படி இருக்கா பாருன்னு. முதல்ல ஒருத்தர்கிட்ட சும்மா தலையாட்டினேன். அப்புறம் மாத்த முடியல."

ஒரு மாதம் நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஒரு மாதத்தில் அவள் பதிப்பாளரிடம் போய் அந்த அத்தியாயத்தை எடுக்கச் சொன்னாள். பத்திரிகைகளுக்கும் சொன்னாள். சில பேர் பாராட்டினார்கள், சில பேர் விலைபோய்விட்டாள் என்றார்கள். ஐஸ் ஃபேக்டரிக்காரர்கள் பழைய புத்தகத்தைத் தாங்களே அச்சடித்துக் கைக்குக் கை மாற்றினார்கள். முன்பைவிட அதிகம் பேர் படித்தார்கள்.

எலக்ட்ரீஷியன் ஒருநாள் போன் செய்தார். தங்கை அங்கேயே திரும்பிப் போய்விட்டாளாம். ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் குழந்தை செத்தது என்று பெரியக்கா சொன்னதை நம்பிவிட்டாளாம்.

சுகாதார அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தோம். ஒருவர் போய்ப் பார்த்தார். கீரைத்தொட்டி நன்றாக இருக்கிறது என்றார். அந்தக் கதவைக் கழற்றிவிட்டார்களாம்.

போன வாரம் மதியம் ஒரு பெண் வந்து மணியடித்தாள். மேடிட்ட வயிறு, கையில் புதிதாக அச்சடித்த புத்தகம். கையெழுத்து வேண்டுமாம். அம்மா அவளை உட்காரவைத்து, என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நடந்ததை முழுக்கச் சொன்னாள். தழும்பையும் காட்டினாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். தண்ணீர் குடித்தாள்.

"நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு பெரியக்கா சொன்னாங்க," என்றாள் சிரித்தபடி. "பாவம், அவங்க மேல கோபப்படாதேன்னும் சொன்னாங்க."

"உன் வீடு எங்கம்மா? உன் அம்மா அப்பா யாரு?"

அவள் எழுந்துகொண்டாள். தெருவில் நின்ற வேன் ஒருமுறை ஹாரன் அடித்தது. கையெழுத்துப் போடாத புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். அம்மா பின்னாலேயே ஓடி, அவள் கையைப் பிடித்தாள். அந்தப் பெண் ஒவ்வொரு விரலாக மெதுவாக விலக்கிவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள்.