ஹெதர் பாத்திக்குப் போட்ட சுண்ணாம்பு

1
இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நாற்பது செடிகள் செத்ததுதான். ஐம்பது வயதில் எழுத்துக் கூட்டப் படித்தவன் நான். மெதுவாகத்தான் வரும்.

மாட்டுப்பட்டி ஊருக்கு மேலே, மலையில் ஒரு விடுதியில், குளிரில் பூக்கும் ஹெதர்ச் செடிகள் திடீரென்று மஞ்சளாகி—

(திடீரென்று இல்லை. அடித்துவிட்டேன்.)

2
ஹெதர் கணுக்கால் உயரம்தான் வளரும். இலை ஊசி மாதிரி, பூ அரிசியளவு, ஊதா நிறம். புளித்த மண்தான் அதற்குப் பிடிக்கும். சாந்தம்மாள் பைன் சருகு அள்ளிப்போட்டு, மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றி இரண்டு வருடம் வளர்த்தாள். அவளுக்கு அங்கே வேலையும் அதுதான்; தங்க அறை கொடுத்ததும் அதற்காகத்தான்.

அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது, அதே விடுதியில் தோட்ட வேலை பார்த்த என்னிடம் விட்டுப்போனாள்.

"தண்ணி மட்டும் ஊத்துங்கண்ணே. வேற ஒண்ணும் குடுக்கப்படாது."

"பச்சப்புள்ளைய விட்டுட்டுப் போற மாதிரில்ல பேசுத!"

"புள்ளன்னா அழுது சொல்லிரும். உங்க கை சும்மா இருக்காதே, அதான் பயம்."

3
(இங்கே தப்புச் செய்கிறவனுக்கு லோகேஷ் என்று பெயர் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் செல்லத்துரை. அதாவது நான்.)

மழையில் நுனியெல்லாம் சிவந்திருந்தது. முன்பு நான் வேலை பார்த்த எஸ்டேட்டில் கவாத்து வெட்டும் வருடம், புளித்த மண்ணில் வளரும் தேயிலைக்கே சுண்ணாம்பு போடுவோம். முப்பது வருடம் போட்ட கை இது. புளிப்பு முறியட்டும், அவள் வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று தூருக்கு ஒரு கை போட்டுக் கிளறிவிட்டேன்.

4
அவள் திரும்பி வந்த இரண்டு மாதத்தில் எல்லாம் காய்ந்தன. மலையாளி மேனேஜர் ஜிபி மண்ணைச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்கள் இருவரையும் நிறுத்திக் கேட்டார்.

"சுண்ணாம்பு இட்டது ஆரு?"

சாந்தம்மாள் என்னைப் பார்த்தாள். நான் பாத்தியைப் பார்த்தேன்.

"நாந்தான் சார்," என்றாள்.

அன்றைக்கே அறையைக் காலி செய்தாள். இப்போது ஆனைக்கரையில் ஏலக்காய் எடுக்கிறாளாம்.

5
ஏன் அப்படிச் சொன்னாள்? இந்த வயதில் எனக்கு வேறு வேலை கிடைக்காது என்று— (அடித்தேன்.) என் மேல் அவளுக்கு— (அதையும்.)

ஒரு முடிவில் அவள் திரும்பி வந்தாள். இன்னொன்றில் நான் ஆனைக்கரைக்குப் பஸ் ஏறினேன். இரண்டும் நடக்கவில்லை. அவளுடைய அறையை எனக்குக் கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இதை ஜிபி சார்தான் வாசிக்க வேண்டும். அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. எனக்குத் தெரிந்த எழுத்தோ தமிழ் மட்டும்தான். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

உங்களுக்கு வாசிக்கத் தெரிந்திருக்கிறது. விடுதி ஆபீஸ் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்; ஜிபி சார் அங்கேதான் இருப்பார்.