நாற்பத்தோராவது நிமிடம்

பக்கத்து நாற்காலிக்காரியின் கணினித் திரையில் என் பதிவு ஐம்பத்து நான்கு நிமிடம் என்று காட்டியது. நான் அனுப்பியது இருபத்திரண்டு நிமிடம்.

தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். கண் ஏமாற்றுகிறதோ என்று மறுபடியும் குனிந்தேன். ஐம்பத்து நான்குதான்.

கல்லூரியில் நாங்கள் படிப்பது மொழியியலும் எழுத்துப் பயிற்சியும். "பேசறதையும் எழுதறதையும் போய்க் காசு கட்டிப் படிக்கணுமா?" என்று கேட்காத சொந்தக்காரர் யாரும் இல்லை. அந்தப் பருவத்தின் பெரிய வேலை, வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து எழுத்தாக்குவது. சாதாரணமாக அல்ல. இழுத்தது, விழுங்கியது, பாதியில் விட்டது எல்லாம் அப்படியே வர வேண்டும். இரண்டு பேர் பேச்சுக்கு நடுவே வரும் மௌனத்தைக்கூட விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரை அளந்து, அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். இதைக் கற்றுக்கொடுத்த பேராசிரியைக்கு நாங்கள் வைத்த பெயர் விநாடி மேடம்.

மேடம் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. சந்தோஷமான பதில் உடனே வந்துவிடும். மறுப்பதானால், ஒருத்தரைப் பற்றி வேண்டாததைச் சொல்வதானால், மனிதர்கள் அரை விநாடியாவது தயங்குவார்கள். "அந்த அரை விநாடிதான் மனசாட்சி. அதை விட்டுட்டு எழுதினா மதிப்பெண் இல்லை" என்பார்.

அவரிடம் இரண்டு விதிகள். பதிவில் கேட்கும் ஒவ்வொரு குரலுக்கும் உரியவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இரண்டாவது, தன் பதிவைத் தானே எழுதக் கூடாது. நம் வீட்டுப் பேச்சென்றால் காதில் விழாததையும் மனசு கேட்டுவிடுமாம். அதனால் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் எண்களைப் போட்டுக் குலுக்குவார். பதினான்கு பேர் கையை விட்டு எடுத்த அந்த டப்பாவிலிருந்து என் ஒன்பதாம் எண்ணை எடுத்தவள், என் பக்கத்து நாற்காலிக்காரி.

அவளுக்கு வகுப்பில் பெயர் காது. எவ்வளவு இரைச்சலான பதிவானாலும் ஒரு சொல்லைக்கூடத் தவறவிட மாட்டாள். முற்றுப்புள்ளியே வைக்காமல் பக்கம் பக்கமாக எழுதுகிறேன் என்று எனக்குக் கமா என்று பெயர் வைத்ததும் அவள்தான். முதல் வருடம் எங்கள் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தவள், என் அக்காவைப் பார்த்து, தன் அண்ணனுக்குக் கேட்டாள். கல்யாணமும் ஆயிற்று. இப்போது அவள் என் அக்காவின் நாத்தனார். அப்பா அம்மா இல்லாத அவளை வளர்த்தது, படிக்க வைப்பது, தினமும் கல்லூரியில் விட்டுக் கூட்டிப்போவது எல்லாம் அந்த அண்ணன், அதாவது என் அத்தான்.

காலையில் எண் ஒன்பது வந்ததும் அவள் சிரித்தாள். "அத்தை சமையலறையில என்னைப் பத்தி என்ன பேசறாங்கன்னு பாக்கறேன்" என்றாள். நானும் சிரித்தேன். இருபத்திரண்டு நிமிடத்தில் அம்மாவும் சித்தியும் குக்கர் விசிலைப் பற்றித்தான் பேசியிருந்தார்கள்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை போனைப் பதிவில் வைத்து அரிசி டப்பாவின் மேல் வைத்தேன். கருவி இருப்பதையே மறந்தால்தான் பேச்சு இயல்பாக வரும் என்று மேடம் சொல்லியிருந்தார். மற்றவர்கள் மறந்தார்களோ இல்லையோ, நான் நன்றாக மறந்தேன். சித்தி கிளம்பிப் போனாள். அத்தான் வண்டியைச் சர்வீஸுக்கு விட வந்தவர், அக்காவை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டு, அரை மணி நேரத்தில் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த அரை மணி நேரத்தில் அக்கா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடமும் என்னிடமும் எல்லாவற்றையும் சொன்னாள்.

அத்தான் தினமும் வீட்டை வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். அவள் போன் அவர் பையில். மருந்தாளர் படிப்பு படித்தவள் ஒன்றரை வருடமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் பாசமாம். கேள்வி கேட்ட ஒரு நாள் அவள் மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது. பழைய தோழி மூலமாக வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. புதன்கிழமை சேர வேண்டும். செவ்வாய்க்கிழமை அவர் வேலை பார்க்கும் கிடங்கில் சரக்குக் கணக்கெடுப்பு என்பதால் அத்தான் மதியச் சாப்பாட்டுக்கு வர மாட்டார். அன்று பன்னிரண்டு மணிக்கு அம்மா போய்க் கதவைத் திறக்க வேண்டும். அதற்கான மாற்றுச் சாவியை முந்தானையிலிருந்து எடுத்து அம்மா கையில் வைத்தாள் அக்கா. ஒன்றரை மணிக்குப் பஸ்.

அவள் போன பிறகுதான் அரிசி டப்பா ஞாபகம் வந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை சித்தி கிளம்பும் இடத்தோடு வெட்டி, தனியாகச் சேமித்து, துறைக்கு அனுப்பினேன். வெட்டியதை அனுப்பவில்லை, முழுசை அனுப்பியிருக்கிறேன் என்பது திங்கட்கிழமை மூன்று மணிக்கு, காதின் திரையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். திரையில் கோடு நாற்பத்தோராவது நிமிடத்தில் நின்றது. அக்கா வந்தது முப்பதுக்குள். ஆக, எல்லாம் கேட்டாயிற்று.

என்ன செய்வது? மேடமிடம் போய், கையெழுத்துப் போடாத குரல் அதில் இருக்கிறது என்று சொல்லலாம். சொன்னால் எந்தக் குரல் என்பார், வகுப்பே திரும்பிப் பார்க்கும். ஒருவேளை காது அரைகுறையாகக் கேட்டிருந்தால், நானே அவளைக் கூப்பிட்டு ஒழுங்காகக் கேள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அவள் கோட்டைப் பின்னுக்கு இழுத்தாள். மறுபடி ஓடவிட்டாள். மறுபடி பின்னுக்கு. மூன்று முறை அதே இடம். ஏதோ ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டாள். பஸ் நேரத்தைத்தான் குறிக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

ஹெட்போனைக் கழற்றியவள் என்னைப் பார்க்கவே இல்லை. மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் படியில் தாவி இறங்குவதற்குள் வாசலில் அத்தானின் வண்டி நின்றது. அவர் என்னைப் பார்த்து வழக்கம்போல் புன்னகைத்து, அம்மாவின் முட்டி வலி எப்படியிருக்கிறது என்று விசாரித்தார். நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும். நானும் சொன்னவள்தான். காது பின்னால் ஏறி உட்கார்ந்து அவர் காதருகே எதையோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். வண்டி கிளம்பியது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அக்காவுக்குச் சொல்ல வழியே இல்லை; போனில் கூப்பிட்டால் எடுப்பவர் அத்தான். பூட்டை மாற்றிவிட்டால் சாவி வெறும் இரும்பு. அவர் நாளைக்கு வீட்டிலேயே இருந்துவிட்டால் அதைவிட மோசம். அக்காவின் மணிக்கட்டு என் கண் முன்னால் வந்து வந்து போனது. என் கையையும் அந்தப் போனையும் சேர்த்து அடுப்பில் போட வேண்டும் போல இருந்தது.

"திட்டறதுக்கு இப்ப நேரமில்ல. நாளைக்கு ராத்திரி வச்சுத் திட்டறேன்," என்றாள் அம்மா. "நான் பன்னிரண்டுக்குப் போறேன். கதவு திறந்தாலும் சரி, திறக்கலைன்னாலும் சரி. நீ காலேஜுக்குப் போய் அவ பக்கத்துலயே உட்காரு. அவ போன எடுத்தா எனக்குத் தெரியணும்."

செவ்வாய்க்கிழமை வகுப்பு பதினொன்றரைக்கு. காது கடைசி நிமிடத்தில் வந்து, என் பக்கத்து நாற்காலியை விட்டுவிட்டு முன் வரிசையில் போய் உட்கார்ந்தாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. ஒவ்வொருவராகப் போய்த் தாங்கள் எழுதியதை வாசித்தார்கள். யாரோ வீட்டில் தாத்தாவும் பேரனும் ரிமோட்டுக்குச் சண்டை போட்டதைக் கேட்டு வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு அடித்தது. அம்மா இந்நேரம் அந்தக் கதவு முன்னால் நிற்பாள்.

"எண் ஒன்பது," என்றார் மேடம்.

காது எழுந்து நின்றாள். கையில் காகிதம் எதுவும் இல்லை. எழுதவில்லை என்றாள். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். இந்த வகுப்பிலேயே நன்றாகக் கேட்கிறவள் நீ, இதற்குப் பாதி மதிப்பெண் என்று தெரியுமா என்றார். தெரியும் என்றாள். பதிவு சரியில்லையா என்று கேட்டார்.

"சரி, என்கிட்ட மூலம் இருக்கு. என்ன கஷ்டம்னு எல்லாருமா கேப்போம்," என்று மேடம் கணினியைத் திருப்பினார். ஒலிபெருக்கியில் எங்கள் வீட்டுக் குக்கர் விசிலடித்தது. அம்மாவின் குரல் வகுப்பறை முழுக்க நிறைந்தது. "எந்த இடம்? நடுவுலயா?" என்று மேடம் கோட்டை இழுத்தார். இருபது. இருபத்தைந்து. எழுந்து மின்கம்பியைப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்தேன்.

"மேடம், வேணாம்," என்றாள் காது. "அதுல கையெழுத்துப் போடாத ஒரு குரல் இருக்கு. படிவத்தோட ஒப்பிட்டுப் பாத்தேன். என் பிரதிய நேத்தே அழிச்சுட்டேன். நீங்களும் அழிச்சிடுங்க."

மேடத்தின் கை எலிப்பொறியைத் தொட்டது போலப் பின்வாங்கியது. படிவத்தை எடுத்துப் பார்த்தார். என்னை எழுப்பி, உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். எல்லார் முன்னாலும் அந்தக் கோப்பை அழித்தார். பிறகு எனக்குப் பத்து நிமிடம் திட்டு விழுந்தது. எழுத்தையும் பேச்சையும் படிக்க வந்தவள் முதலில் படிக்க வேண்டியது அடுத்தவர் சம்மதம் என்றார். எனக்குச் சுழியம். காதுக்கும் சுழியம், முதல் இருபத்திரண்டு நிமிடத்தை அவள் எழுதியிருக்கலாம் என்பதால். அவள் ஏன் எழுதவில்லை என்று சொல்லவில்லை. உட்கார்ந்தாள்.

ஒன்று நாற்பதுக்கு அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. 'ஏறிட்டா. ஜன்னல் சீட்டு.' கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பூட்டு மாறவில்லை. அத்தான் கிடங்கில் இருந்தார். காது சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு அவளை வாசலுக்குப் போகும் வழியில் பிடித்தேன். நன்றி என்று ஆரம்பித்தேன். அந்தச் சொல் எனக்கே சின்னதாகப் பட்டது. அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறக்கும்போது நீ கூட இருக்க வேண்டாமே, எங்கள் வீட்டுக்கு வந்துவிடேன் என்றேன்.

"அவர நான் பாத்துக்கறேன். அண்ணி கைய நானும் பாத்திருக்கேன். பாத்தும் கேக்காம இருந்தேன். அதுக்குத்தான் இது. உனக்காக இல்ல," என்றாள்.

பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். "ஒண்ணுமே எழுதலைன்னு மேடம்கிட்ட பொய் சொல்லிட்டேன். கொஞ்சம் எழுதினேன்."

பிரித்தேன். அவளுடைய குண்டு எழுத்து. மேலே நிமிடக் கணக்கு: நாற்பத்தொன்று.

அம்மா: காதுகிட்டயாவது சொல்லி வைக்கலாமா? அவ நம்ம பொண்ணு மாதிரி.
(0.1)
கமா: வேணாம்மா. அவ நேரா போய் அண்ணன்கிட்ட ஊதிடுவா. சோறு போடறவர்கிட்டதான விசுவாசம் இருக்கும்.

அதைச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் என் குரல்தான். என் வீட்டில், என் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் நின்று நான் சொன்னதுதான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நீ சொன்னது தப்புன்னு சொல்ல வரல," என்றாள். "அப்படி நினைக்க உனக்குக் காரணம் இருக்கு. அந்த இடைவெளியத்தான் நம்ப முடியல. நான் தப்பா அளந்திருப்பேன்னு மூணு தடவ அளந்தேன். ஒரு அரை விநாடி, அவ்வளவுதான் கமா. எனக்காக நீ அரை விநாடி யோசிச்சிருந்தா எனக்குப் போதும்."

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. அத்தான் என்னைப் பார்த்துக் கையசைத்தார். அவள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். எதையாவது சொல்ல வேண்டும். எந்தச் சொல்லை எடுத்தாலும் அது அந்தத் தாளுக்குக் கீழே எழுதப்படும் போல இருந்தது. ஒரு விநாடி போயிற்று, இரண்டு போயிற்று, இப்போது தேவையே இல்லாத எல்லாத் தயக்கமும் என் தொண்டையில் வந்து நின்றது.

அவள் திரும்பி நடந்து வண்டியில் ஏறிக்கொண்டாள்.