கோபமாகப் பாத்திரம் கழுவும் காட்சி

மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலைப் பற்றி வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட, அவள் நான்கு நாளாகப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. மூன்று மணி நேர ரயில் தூரத்தில் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு அவளையே தலைமைப் பொறுப்பில் வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்க வேண்டும். போக ஆசைதான். ஆனால் அவர் வாயால் "போ" என்று சொல்லாமல் கிளம்ப மனசு வரவில்லை. அதற்கு முதலில் விஷயம் அவர் காதில் விழ வேண்டுமே.

இத்தனைக்கும் அவர் பிழைப்பே காதை வைத்துத்தான். சினிமாவில் நடிகர்கள் நடக்கிற காலடி, இழுக்கிற நாற்காலி, கசக்குகிற காகிதம் எல்லாவற்றுக்கும், படம் எடுத்து முடித்த பிறகு, ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து புதிதாகச் சத்தம் உண்டாக்குவார்கள். அதுதான் அவர் தொழில். அங்கே அவருக்குப் பெயரே 'சத்தம் சார்'. ஞாயிற்றுக்கிழமை அவள் பேச்சை ஆரம்பித்தபோது, அலமாரிக் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றவர், "கொஞ்சம் இரு, இந்தக் கீல் என்னமா அழுது பாரு," என்றார். நேற்று ஒரு வழியாக முழுவதையும் சொல்லி முடித்தாள்.

"ம்," என்றார்.

"என்ன ம்?"

"நீ சொன்ன மாதிரியே செஞ்சிடலாம். என் பழைய செருப்பை எங்க வச்ச?"

கல்லூரியில் படிக்கும் மகள், "எழுதி நெத்தியில ஒட்டிக்கோம்மா," என்று யோசனை சொன்னாள்.

இன்று மதியம் அவரே போன் செய்தார். "கொஞ்சம் கூடத்துக்கு வந்துட்டுப் போறியா? பாத்திரம் கழுவணும்."

"வீட்டுல கழுவுறது பத்தலையா எனக்கு?"

"கிண்டல் பண்ணாத. காலைலேருந்து நான்தான் கழுவுறேன். டைரக்டர் ஒத்துக்கவே மாட்டேங்கிறார்."

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். வேலை முடிந்ததும் மனிதரை ஓரமாகப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும் என்பது திட்டம்.

படம், ஐம்பது வயதுத் தம்பதியின் குடும்ப வாழ்க்கையைப் பற்றிய நகைச்சுவை. எடுக்கிறவருக்கு முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை.

"வாங்க அக்கா. கல்யாண நாளை மறந்துட்ட புருஷன் சோபால உக்காந்திருக்கான். பொண்டாட்டி ஒரு வார்த்தை பேசாம பாத்திரம் கழுவுறா. பாத்திரம்தான் வசனம். சார் கழுவினா ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பையன் கழுவுற மாதிரி இருக்கு."

"இவர் அதுவாவது கத்துக்கிட்டாரே," என்றாள்.

டைரக்டர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். இந்தப் பக்கம் ஒரு தொட்டி, பத்துப் பதினைந்து தட்டு, மூடியோடு ஒரு சட்டி, கொஞ்சம் கரண்டி, ஒரு மைக். சத்தம் சார் தரையில் மண்டியிட்டு மைக்கை நகர்த்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையசைத்தார். அவள் கழுவினாள். நான்காவது தட்டிலேயே கையைத் தூக்கிவிட்டார்.

"இது கோபம் இல்ல."

"பின்ன என்னவாம்?"

"ஏதோ சொல்ல வந்து சொல்லாம நிக்கிற. தட்டை வச்சுட்டுத் திரும்பவும் நகத்தி வைக்கிற. நாலு நாளா வீட்டுலயும் அப்படித்தான் பண்ற."

அப்படியானால் இந்த மனிதர் நாலு நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், அவள் பேச்சைத் தவிர மற்ற எல்லாவற்றையும்.

"தெரிஞ்சா என்னன்னு கேக்க வேண்டியதுதானே?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

"சொன்னேங்க. கீல் அழுதுன்னீங்க. செருப்பு எங்கன்னீங்க."

ஈரக் கையோடு, ஒரே மூச்சில், கிளை, ரயில், திங்கள், வெள்ளி, ஐந்து மணி எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ காலைல என்னை யாரு எழுப்புவா?"

கையில் அகப்பட்ட சட்டி தொட்டிக்குள் இறங்கியது. அதன் மேல் மூடி. கரண்டிகள் தரையெங்கும் ஓடின.

"ஓகே அக்கா," என்றது ஒலிபெருக்கி. "இதைத்தான் காலைலேருந்து கேட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சத்தம் சார் ஹெட்போனைக் கழற்றினார்.

"தப்பான கேள்வி கேட்டுட்டேன், இல்ல?"

"ஆமா."

"சரி. முதல்லேருந்து சொல்லு."

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். அவள் சொன்னாள். தனக்குக் கீழே வேலை பார்க்கப்போகும் பதினோரு பேர், புதிதாக வாங்கியிருக்கும் இயந்திரம், கிளைக்குப் பின்னாலேயே தரப்போகும் ஒற்றை அறை. நடுவே அவர் கையை உயர்த்தவில்லை. ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம், அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் சரியாக இருக்குமா என்றெல்லாம் கேட்டார். அப்புறம், "உனக்கு ஆசையா?" என்றார்.

"ஆசைதான். பயமாவும் இருக்கு."

"எனக்குப் பயம் மட்டும்தான். நீ இல்லாத வீடு சத்தமே இல்லாம கிடக்கும், எனக்கு அது ஆகாது." கீழே கிடந்த கரண்டிகளைப் பொறுக்கித் தொட்டிக்குள் போட்டார். "இருந்தாலும் போ. நான் அலாரம் வச்சுக்கிறேன்."

வெளி வராந்தாவுக்குப் போய் அவள் போன் செய்தபோது மணி நாலரை. "வரேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். திரும்பி வந்தபோது டைரக்டர் காத்திருந்தார்.

"எதுக்கும் இருக்கட்டும், இன்னொரு டேக் எடுத்துடலாம் அக்கா. அதே கோபம்."

அவள் தட்டை எடுத்தாள், கழுவினாள், தொட்டிலில் குழந்தையைப் போடுகிற மாதிரி வைத்தாள். இரண்டாவது தட்டும் அப்படியே. மூன்றாவதை ஓங்கித்தான் எடுத்தாள். இறங்கும்போது சத்தம் வரவில்லை.

"கோபம் அக்கா."

"வரலையே தம்பி."

சத்தம் சார் மைக்குக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "நான் வேணும்னா திரும்ப ஏதாவது கேக்கட்டுமா?"