கார்டு மக்கர் செய்த வெள்ளிக்கிழமை

காலையிலிருந்து ஆறாவது முறையாகத் திரை கறுத்தது. கூடவே கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்த புது விசிறிகள் இரண்டும் உச்ச வேகத்தில் அலறின. நிலோஃபர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு எழுந்தாள். அடுப்படிக்குப் போனாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

கட்டப்போகிற வீடு முடிந்தபின் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே காட்டுவது அவள் தொழில். பாபநாசத்தில் வீட்டு மாடியறைதான் ஆபீஸ். ராஜகிரியிலும் பண்டாரவாடையிலும் இருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் மனை வாங்கிப் போட்டதும் முதலில் அவளைத்தான் தேடுவார்கள். தம்மாமில் இருக்கும் மீரா உசேன் அப்படி வந்தவர். இன்று நாலு மணிக்கு, அங்கே ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும், வீடியோ காலில் தன் வீட்டை வாசலிலிருந்து மாடி வரை நடந்து பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். நாளைக்கு அவருக்கு டூட்டி. அடுத்த வாரம் இங்கே கொத்தனார் வேலை தொடங்குகிறார். முகப்பும் ஹாலும் முடிந்திருந்தன. சமையலறையும் மாடியும் பாக்கி.

ஓடிக்கொண்டிருந்த கார்டை அவளேதான் பிரித்தாள். சித்திரையிலிருந்தே, திரைக்குப் படத்தை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு எண்பத்தெட்டு டிகிரிக்குப் போய்க்கொண்டிருந்தது, பழைய விசிறி கீச்சிட்டது. அதற்காகச் சூட்டைத் தணிக்க வேறு கம்பெனி கூலர் ஒன்றை வரவழைத்து நேற்றுச் சாயங்காலம் மாட்டினாள். சும்மா ஓட்டிப் பார்த்தபோது சத்தமே இல்லை. இன்று காலை வீட்டுப் படத்தை முழுசாக வரைய ரெண்டர் போட்டதும் மூன்றே நிமிஷத்தில் கறுத்துவிட்டது.

பதினோரு மணிக்கு அவள் கணவன் ஃபாஜில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து எலெக்ட்ரிக்கல் கடையிலிருந்து மீட்டரோடு வந்தான். பிளக் பாயிண்ட்டில் குத்திப் பார்த்தான். பிறகு பவர் சப்ளை வயர்களைப் பார்த்தான்.

"கரண்டெல்லாம் சரியாத்தான் வருது நிலோ. கார்டுதான் போயிருக்கும்."

"போயிருந்தா படமே வராதுங்க. மூணு நிமிஷம் நல்லா ஓடுதே."

"தஞ்சாவூர்க் கடைக்குப் போன் போட்டேன். திங்கக்கிழமை கொண்டாரச் சொல்றான்."

"எனக்கு நாலு மணிக்கு வேணுங்க!"

குரல் தானாக ஏறிவிட்டது. ஃபாஜில் மீட்டர் வயரைச் சுற்றி வைத்துவிட்டு, ஜும்ஆவுக்குக் குளிக்கப் போனான்.

அவளை உட்கார விடாதது அந்த ஒரு எண்தான். கறுக்கிற நொடிவரைக்கும் சூடு ஐம்பத்தெட்டு என்றுதான் காட்டியது. ஐம்பத்தெட்டுக்கு எந்தக் கார்டும் சாகாது. கேபிளை மாற்றினாள். கார்டைக் கழற்றித் துடைத்து மறுபடி சொருகினாள். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டாள். கறுத்தது. கூலரைக் கழற்றி, சூடு கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்து மறுபடி தடவினாள். கறுத்தது. பின்னால் வயலில் குறுவைக்குச் சேறடித்துக்கொண்டிருந்த டிராக்டர் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் உறுமியது. அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். புழுக்கம் தாளாமல் திறந்தாள்.

ஒரு மணி வாக்கில் மீரா உசேனின் மனைவி ஆசியா படியேறி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு தூக்குவாளி.

"நெய்ச்சோறு ஆக்குனேன், உனக்கும் கொஞ்சம் கொண்டாந்தேன்" என்றவள், மேஜையில் பிரிந்து கிடந்ததைப் பார்த்து நின்றாள். "என்னம்மா இது, அறுத்துப் போட்ட கோழியாட்டம்?"

நிலோஃபருக்குச் சிரிப்பு வரவில்லை. "ரிப்பேர் லாத்தா. சரியாயிடும். உக்காருங்க."

ஆசியா உட்காரவில்லை. மேஜை ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"ஒண்ணு கேக்கலாமா? அடுப்படியிலேருந்து கொல்லைக்கு ஒரு கதவு வைக்க முடியுமா? பிளான்ல இல்லைன்னாங்க."

"அது பாய் ஓகே பண்ணுன பிளான் லாத்தா. அந்த இடத்துல அலமாரி வருது."

"தெரியும். மீன் கழுவுன தண்ணிய ஹாலைச் சுத்திக்கிட்டுத் தூக்கிட்டுப் போகணுமேன்னு பார்த்தேன். அவங்க வருஷத்துல முப்பது நாள் இருப்பாங்க. மிச்ச நாளெல்லாம் நான்தானே அதுல நிக்கணும்?"

"நீங்க அவங்ககிட்ட சொல்லலாமே?"

"போன்ல பேசுறப்பல்லாம் மாடி பால்கனியப் பத்தியே பேசுவாங்க. அவ்வளவு ஆசை. நடுவுல எதைச் சொல்றது?" ஆசியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சரி விடும்மா, நீ வேலையப் பாரு. சாப்புட்டுப் பாரு, ஆறிடும்."

அவள் படியிறங்கிப் போன பிறகும் நிலோஃபர் தூக்குவாளியைத் திறக்கவில்லை. இன்னொரு முறை ஓட்டி, கறுத்ததும் சூடாறக் காத்திராமல் கார்டை உருவினாள். பின்பக்கத்தில் ஒரு ஓரத்தில் விரல் பட்டதும் சுரீர் என்றது. வாயில் வைத்துக்கொண்டாள். மற்ற இடத்தைத் தொட்டாள், வெதுவெதுப்புதான். அந்த ஓரம் மட்டும் தோசைக்கல்.

திருகுகளைக் கழற்றிக் கூலரைத் தூக்கினாள். சிப்புகளுக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்துவதற்காக மெத்தென்ற சாம்பல் பட்டைகள் ஒட்டியிருந்தாள். அவற்றை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். மெமரி சிப்புகளின் மேலிருந்தவற்றில் சதுரம் சதுரமாக அச்சுப் பதிந்திருந்தது. கரண்ட் வந்து இறங்குகிற ஓரத்தில் இருந்த நீளப் பட்டையில் ஒரு தடமும் இல்லை. நேற்று உறையிலிருந்து எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே வழவழவென்று இருந்தது.

கூலரைத் தொடவே இல்லை அது.

அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தாள். மடங்கிய காகிதத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது: மெமரிக்கு ஒரு மில்லிமீட்டர், பவர் பக்கத்துக்கு ஒன்றரை. பட்டை வெட்டுவதற்கு ஒரே நிறத்தில் இரண்டு தாள்கள் வந்திருக்கின்றன. அவசரத்தில் அவள் எல்லாவற்றையும் மெல்லிய தாளிலிருந்தே வெட்டிவிட்டாள். தடித்தது கைபடாமல் உறைக்குள் இருந்தது. திரை காட்டிய ஐம்பத்தெட்டு நடுச்சிப்பின் சூடு மட்டும்தான். அந்த ஓரம் எரிந்துகொண்டிருந்ததை அது சொல்லவே இல்லை.

தடித்த தாளை அளந்து வெட்டினாள். முதல் துண்டு கோணலாகப் போயிற்று, இரண்டாவது சரியாக வந்தது. பேஸ்ட் வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். ரெண்டர் போட்டாள். மூன்று நிமிஷம். ஐந்து. பத்து. திரை அப்படியே இருந்தது. பின்பக்கத்தைத் தொட்டாள், விரல் தாங்கியது.

மணி இரண்டே கால். மாடியையும் சமையலறையையும் சேர்த்து முடிக்க நேரமில்லை, ஒன்றுதான் முடியும். மீரா உசேன் பார்க்க ஏங்குவது மாடியை. மவுஸைப் பிடித்தபடி நின்றாள். இரண்டு தரம் மாடிக் கோப்பைத் திறந்து இரண்டு தரம் மூடினாள். பிறகு சமையலறையைத் திறந்து, அலமாரியை எதிர்ச்சுவருக்கு நகர்த்திவிட்டு, கொல்லைப் பக்கம் ஒரு கதவை வைத்து ஓட விட்டாள்.

நாலு மணிக்கு மீரா உசேனின் முகம் திரையில் வந்தது. பக்கத்துக் கட்டத்தில் ஆசியா, தன் வீட்டிலிருந்து. முகப்பைப் பார்த்து அவர் "மாஷா அல்லாஹ்" என்றார். ஹாலில் வெளிச்சம் விழுவதைப் பார்த்துச் சிரித்தார். அடுப்படிக்குள் போனதும் முன்னால் குனிந்தார்.

"இந்தக் கதவு பிளான்ல இல்லையேம்மா?"

நிலோஃபர் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "இல்ல பாய். நான்தான்..."

"நான்தான் கேட்டேன்" என்றாள் ஆசியா.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ?"

"நீங்க கேக்கலையே."

தம்மாமில் யாரோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. மீரா உசேன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி படத்தைப் பார்த்தார்.

"கொல்லைப் பக்கம்னா வெறும் மரக்கதவு பத்தாது. கிரில் போடணும். நீ தனியா இருப்ப."

"உள்பக்கம் திறக்குற மாதிரியா?" என்றாள் ஆசியா.

"வெளிப்பக்கம். உள்ள திறந்தா அடுப்புல இடிக்கும்ல?"

"அப்ப மேல சின்னதா ஒரு சன்ஷேடு வேணும். மழைத் தண்ணி உள்ள அடிக்கும்."

"மாடி நாளைக்கு அனுப்பிடுறேன் பாய், கார்டு கொஞ்சம் மக்கர் பண்ணிடுச்சு" என்று நிலோஃபர் இடையில் சொன்னாள். அவர் "சரிம்மா, சரிம்மா" என்றார், சன்ஷேடு எவ்வளவு நீளம் என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டே.

நிலோஃபர் தன் மைக்கை அணைத்துவிட்டு, மாடிக் கோப்பைத் திறந்து ஓட விட்டாள். சூடு அறுபத்தொன்று காட்டியது. அந்த எண்ணை இப்போது நம்ப மனம் வரவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து போய்க் கார்டின் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.