பத்தொன்பது சிலுவைகள்

தண்ணீரைக் கொதிக்க வைப்பான். கொதித்ததும் ஒரு கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பான். பிறகு அத்தனை தண்ணீரையும் பனியில் கொட்டிவிடுவான். ஒரு துண்டு இறைச்சி போடுவதில்லை, ஒரு வாய் குடிப்பதுமில்லை. ஊருக்குப் புதிதாக வந்த இப்படிப்பட்ட ஆளை எப்படி நம்புவது? ட்ரெவால் ஊரில் அந்தப் பிப்ரவரி மாதம் இதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

“பாலத்துக்கிட்ட ஒரு தடவை, கோயில் வாசல்ல ஒரு தடவை, நேத்து என் அடுப்புலயே ஒரு தடவை,” என்று விரல் விட்டு எண்ணினான் சத்திரக்காரன் பிளாசி. “விறகு என்ன சும்மாவா வருது? என்னய்யா பண்றீங்கன்னு கேட்டா, உயரம் பாக்கறேன்ங்கறான். தண்ணிக்குள்ள என்னய்யா உயரம் இருக்கு?”

ட்ரெவால்காரர்களுக்குச் சந்தேகம் தாய்ப்பாலோடு வந்தது. அதில் நியாயமும் இருந்தது. மூன்று பாதைகள் கூடுகிற இடத்தில் குடியிருப்பவன் வாசலில் உலகமே வந்து நிற்கும். வருவதில் பாதி பிடுங்கத்தான் வரும். ரோமாபுரிக்காரன் வந்தான், பாறையில் சக்கரத் தடம் பதித்துவிட்டுப் போனான். வடக்கேயிருந்து பேராயரின் ஆட்கள் வந்தார்கள், பாலத்தில் சுங்கம் வைத்தார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் மேற்குக் கணவாய் வழியாகப் பிரெஞ்சுப் படை வந்து மாடுகளைத் தின்றது. அதை விரட்டுவதாகச் சொல்லி ரஷ்யப் படை வந்து மிச்ச மாடுகளைத் தின்றது. புதிதாக ஒருவன் வந்தால் முதலில் மாட்டைக் கட்டு, பிறகு வணக்கம் சொல் என்பது அந்த ஊர் வழக்கு.

ஊரின் பிழைப்பு தெற்குக் கணவாய்தான். வடக்கின் உப்பும் துணியும், இத்தாலியின் ஒயினும் அரிசியும் ட்ரெவால் கொட்டகையில் இறங்கியே ஆக வேண்டும். அங்கிருந்து மேலே ஏற்ற ட்ரெவால் குதிரைகளுக்கு மட்டுமே உரிமை. சுமை ஏற்றும் முறை வீடு வீடாகச் சுற்றி வரும். அந்த முறையைக் காக்க ஒரு சங்கம். சங்கத்துக்குத் தலைவன் ரீஷ். ஐம்பத்திரண்டு வயது. பனியைப் பார்த்தே நாளை என்ன நடக்கும் என்று சொல்லக்கூடியவன். சொன்னால் ஊர் கேட்கும்.

கொட்டகையில் உப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து சங்கம் கூடிப் பேசியது.

“போன வருஷமே வடக்கத்தி வியாபாரிங்க நம்ம குளிர்காலக் கூலியக் கொறைக்கப் பாத்தானுங்க,” என்றான் கிழவன் ஜாக்கென். “பாதை அவ்வளவு மோசமில்ல, அதிகமா வாங்கறீங்கன்னு எழுதியே அனுப்பினானுங்க. இந்த ஆளு அதத்தான் வேவு பாக்க வந்திருக்கான். என் தலைய அடகு வெக்கறேன்.”

“உன் தலைய யாரு அடகுக்கு எடுப்பா?” என்றான் பிளாசி. “இவன் ஃபோர்னாக்காரன் அனுப்பின ஆளு. நம்ம வழியத் தெரிஞ்சுக்கிட்டு அங்க போய்ச் சொல்லுவான்.”

ஃபோர்னா என்றதும் மூன்று பேர் காறித் துப்பினார்கள். ஆற்றுக்கு அந்தக் கரையில், இரண்டு மணி நடையில் இருந்தது அந்த ஊர். அதற்கும் தெற்கே ஒரு கணவாய் உண்டு. இதைவிட உயரம், இதைவிடச் செங்குத்து, ஆனால் கணவாய் கணவாய்தானே.

“எவனா இருந்தா என்ன?” என்றான் ரீஷ். “நாளைக்கு நானே மேல கூட்டிட்டுப் போறேன். சிலுவைங்களக் காட்டறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிலுவைகள் அந்த ஊரின் சாமர்த்தியம். பாதையில் பனிச்சரிவில் செத்தவர்களுக்கு மரச்சிலுவை நடுவது எல்லா மலையிலும் உள்ள வழக்கம். ட்ரெவால்காரன் அதற்கும் ஒருபடி மேலே போனான். நான்கு பேர்தான் செத்தார்கள், சிலுவை பத்தொன்பது. வெளியூர் வியாபாரி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறுவான். கணவாய் உச்சிக்குப் போய்ச் சேரும்போது கேட்ட கூலியை வாய் பேசாமல் கொடுப்பான். பயம் விற்கிற ஊரில் பயத்தைக் குறைத்துச் சொல்கிறவன் துரோகி.

அன்று வீட்டில் ரீஷுக்குப் பார்லிக் கஞ்சியை ஊற்றிக்கொண்டே அவன் மனைவி மெங்கியா கேட்டாள்: “நம்ம பையனோட சிலுவையையும் அந்த ஆளுக்குக் காட்டப் போறியா?”

“பாதையில இருக்கு. காட்டாம எப்படிப் போறது?”

“கேட்டேன், அவ்வளவுதான். நீ அதத் தாண்டும்போது மட்டும் தலையத் திருப்பிக்கறியாம். ஜாக்கென் பொண்டாட்டி சொன்னா.”

“கண்ணுல பனி அடிக்கும். அவளுக்கென்ன தெரியும்?”

 அவன் குடித்து முடிக்கும்வரை மெங்கியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக அவள் அப்படித்தான் பார்க்கிறாள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். வந்தவர் பெயர் தெஸ்தோரி. ஒல்லியான ஆள். கண்ணாடிக் குழாயை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கைக்குழந்தைக்காரி மாதிரி பார்த்துப் பார்த்து நடந்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். ஜெபம் என்று நினைத்த ரீஷ் கிட்டே போய்க் காது கொடுத்தான். அந்த ஆள் அடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“இது யாரு?” முதல் சிலுவையில் நின்று கேட்டார்.

“ரெண்டு அண்ணன் தம்பிங்க ஐயா. ஒயின் பீப்பாயோட போயிட்டாங்க.”

“இது?”

“தாயும் புள்ளையும்.” தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. ரீஷுக்கு நாக்கு கூசவில்லை. பத்தாவது சிலுவையில் ஒரு பாதிரியாரையும், பதினோராவதில் கல்யாணத்துக்குப் போன ஒரு மணமகனையும் கொன்றான். தெஸ்தோரி ஒவ்வொன்றையும் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதட்டும், எழுதட்டும் என்று ரீஷ் உள்ளுக்குள் சிரித்தான்.

கருங்கல் வளைவில் அந்தச் சிரிப்பு நின்றது. இங்கிருந்த சிலுவையில் பெயரும் செதுக்கியிருந்தது. துமேங், வயது பத்தொன்பது.

“இது சமீபத்துல நடந்திருக்கு போல.”

“மூணு வருஷம் ஆச்சு. என் பையன்.”

தெஸ்தோரி தொப்பியைக் கழற்றினார். பிறகு பாதையைப் பார்த்தார், மேலே மலைச்சரிவைப் பார்த்தார். “பனிச்சரிவு இந்த இடத்துல பாதை மேலயே விழுந்துதா?”

“ஆமா. உப்பு ஏத்திட்டு வந்தான். அவனோட முறை.”

அதுவும் பொய்தான். துமேங் பாதையில் சாகவே இல்லை. வசந்தச் சந்தைக்கு வியாபாரிகள் வருமுன் பத்தொன்பதாவதாக ஒரு சிலுவை வேண்டும், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மேலே மேட்டில் நடு என்று ரீஷ்தான் அனுப்பினான். “வெயில் ஏறிடுச்சேப்பா” என்றான் பையன். “பயந்தாங்கொள்ளி” என்றான் அப்பன். மேட்டில் அவன் காலடியில் உடைந்த பனி அவனைப் பாதைப் பக்கம் கொண்டுவரவில்லை. மறுபுறம் பள்ளத்தில் கொண்டுபோய்ப் போட்டது. ரீஷும் ஜாக்கெனும்தான் தோண்டி எடுத்தார்கள், பாதையில் கொண்டுவந்து கிடத்தினார்கள், முறையில் செத்தான் என்று ஊருக்குச் சொன்னார்கள். முறையில் செத்தவனுக்குச் சங்கம் வருஷா வருஷம் பூசை வைக்கும். ஒரு பொய்ச் சிலுவைக்காகச் செத்தான் என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? ஆகஸ்ட் மாதத் திருவிழா அன்று மெங்கியா இந்த வளைவுக்கு ஏறி வந்து முழங்காலிடுவாள். ரீஷுக்கு அன்றைக்கென்று ஏதாவது வேலை வந்துவிடும்.

உச்சியில் தெஸ்தோரி தண்ணீர் கொதிக்க வைத்தார், குழாயைப் பார்த்தார், கொட்டினார். அவர் முகத்தில் தெரிந்தது சந்தோஷமா வருத்தமா என்று ரீஷால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தெஸ்தோரி எல்லோரையும் பிளாசியின் சத்திரத்துக்கு வரச் சொன்னார். விடைபெறுகிறாராம், ஒயின் அவர் செலவாம். ஓசியில் வந்த ஒயினை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்கள். பெண்கள் கணப்படுப்பின் பக்கம் உட்கார்ந்தார்கள், மெங்கியாவும் இருந்தாள்.

“இப்ப சொல்லலாம்,” என்றார் தெஸ்தோரி. “நான் அரசாங்கத்துப் பொறியாளன். இத்தாலிக்குப் பெரிய வண்டி ரோடு போடறோம். நாலு குதிரை பூட்டின வண்டி, மழையோ பனியோ நிக்காம போற மாதிரி. ரோடுன்னு முதல்லயே சொன்னா எந்த ஊரும் தன் மலையத்தான் புகழும். அதனாலதான் மறைச்சேன்.”

ஒருவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“உயரம் போகப் போகத் தண்ணி கொறஞ்ச சூட்டுலயே கொதிக்கும், அத வெச்சுத்தான் அளந்தேன். உங்க கணவாய் ஃபோர்னாவ விட எரநூத்தம்பது அடி தாழ்வு. ஏத்தமும் கம்மி. மனசு இங்கதான் போச்சு. ஆனா பத்தொன்பது சிலுவை! ஃபோர்னாவுல வெறும் ஆறு சிலுவை. ரோடு அங்கதான். மன்னிச்சுக்குங்க.”

ரோடு ஃபோர்னாவுக்குப் போனால் ட்ரெவால் கொட்டகையில் ஒரு மூட்டைகூட இறங்காது. முச்சந்தி என்பது வெறும் மூன்று சந்தாகிவிடும். அது எல்லோருக்கும் ஒரே நொடியில் உறைத்தது.

“ஐயா, நாலே பேருதான்!” என்று கத்தினான் பிளாசி. “மிச்சமெல்லாம் சும்மா நட்டது!”

“பாதிரியார்னு யாரும் சாகவே இல்லீங்க!”

“அந்த மணமகன் இல்லவே இல்ல. இருந்தாலும் அவன எவ கட்டுவா?”

தெஸ்தோரி சிரித்தார். “நேத்துவரைக்கும் பத்தொன்பது. ரோடுன்னதும் நாலா? இன்னொரு கிண்ணம் ஊத்தினா நீங்களே யாரையாவது உயிரோட எழுப்பிடுவீங்க போலருக்கே.” பிறகு சிரிப்பு போய்விட்டது. “சரி, மத்ததெல்லாம் பொய்னே வெச்சுக்கறேன். கருங்கல் வளைவு பொய் இல்லையே. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பையன். கோயில் பதிவேட்டுல நானே பாத்தேன். அந்தச் சரிவு பாதை மேல விழுது. அது ஒண்ணு போதும்.”

 ஜாக்கென் ரீஷைப் பார்த்தான். பார்த்துவிட்டு அவசரமாக மேசையைப் பார்த்தான்.

ரீஷ் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஊர் போனாலும் வீடு மிஞ்சியிருக்கும். ஆனால் எழுபது வீடுகளும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் எழுந்தான். 

“அங்க சரிவு விழல. எப்பவும் விழுந்ததில்ல,” என்றான். “என் பையன் பாதையில சாகல. மேல மேட்டுல செத்தான். பனி அவன மறுபக்கம் கொண்டுபோச்சு. நானும் ஜாக்கெனும் தூக்கிட்டு வந்து பாதையில போட்டோம்.”

தெஸ்தோரி அவனைக் கூர்ந்து பார்த்தார். “மேட்டுல அவனுக்கு என்ன வேலை?”

“சிலுவை நட. பொய்ச் சிலுவை. அனுப்பினது நான்.”

ஜாக்கென் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, “நெசந்தான்யா, நெசந்தான்” என்றான். ஒரு தகப்பன் ரோட்டுக்காக இப்படியொரு பொய் சொல்லமாட்டான் என்று தெஸ்தோரிக்குத் தோன்றியிருக்க வேண்டும். நோட்டைப் பிரித்து ஒரு வரியை அடித்தார். “அப்படின்னா ரோடு இங்கதான்,” என்றார், யாரையும் பார்க்காமல். ஒருவரும் ஆரவாரம் செய்யவில்லை.

மெங்கியா எழுந்து கணவன் முன்னால் வந்து நின்றாள்.

“மூணு வருஷமா ஒண்ணுமில்லாத எடத்துல முட்டி போட்டனா நானு?”

ரீஷ் தலையைத் திருப்பிக்கொண்டான்.

“ஏதோ இருக்குன்னு தெரியும்யா எனக்கு. நீ குடிச்சிட்டு அவன அடிச்சியோ, சண்டை போட்டியோன்னு என்னென்னவோ நெனச்சேன். இத நெனக்கல.” சால்வையை இழுத்துப் போர்த்தினாள். “வா. எம் புள்ள செத்த எடத்தக் காட்டு.”

“மே மாசம் காட்டறேன் மெங்கியா. புதுப் பனி விழுந்திருக்கு, இன்னிக்கு வெயிலும் அடிக்குது. அந்த மேடு இப்ப கால் வெச்சாலே உடையும். ஆபத்து.”

“ஆபத்தா?” என்றாள் அவள். “இத நீ எத்தன பேருகிட்ட சொல்லியிருக்க!”

கதவைத் திறந்து வெளியே இறங்கினாள். ரீஷ் சத்தியம் செய்தான், அன்னை மரியாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டான், தெருவில் அவள் கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டுப் பாலத்தைத் தாண்டினாள். சத்திர வாசலில் நின்ற சங்கத்தாரில் ஒருவன், “சும்மா அவள நிறுத்தறதுக்குச் சொல்றான்யா, அந்த மேட்டுக்கு இன்னிக்கு ஒண்ணும் ஆகாது,” என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான்.

பனியில் முன்னால் போகிறவன் காலடியில்தான் அது முதலில் உடையும். ரீஷ் கோலை ஊன்றி வேகமாக நடந்து, மனைவியை முந்திக்கொண்டு முன்னால் போனான்.